நல்லாய்ப் போன நாட்களையும் எழுதினோம்

என்ரை சுமதி மச்சாளுக்கு,

உம்மடை ஆண்டுத் திவசத்துக்கு நினைவு மலர் அடிக்கிறோம். எல்லாரும் உம்மைப் பற்றி நாலு வரி எழுதித் தந்துவிட்டார்கள். எனக்கு உம்மைப் பற்றி மற்ற ஆட்களிடம் சொல்ல வரவில்லை. அதனால் உமக்கே எழுதுகிறேன். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.

முதலில் நீர் கேட்கப்போவதைச் சொல்லிவிடுகிறேன். அபி நல்லாய்ச் சாப்பிடுகிறாள். தம்பி அவளுக்குத் தலை இழுத்துப் பின்னப் பழகிவிட்டான். உம்முடைய மனுசன் பின்னினால் எப்படி இருக்கும் என்று உமக்குத் தெரியும். மகள் பொறுத்துக்கொள்கிறாள்.

நீர் போய் மூன்றாம் மாதம், பள்ளிக்கூடம் ஒதுக்குகிற கவுன்சிலிலிருந்து கடிதம் வந்தது. அபிக்குப் பதினொரு வயது, பெரிய பள்ளிக்கூடத்துக்கு மாற வேண்டும். நீரும் தம்பியும் கேட்டிருந்தது வீட்டிலிருந்து நடந்து போகக்கூடிய இடம். அவர்கள் எழுதியிருந்தது லண்டனின் மற்றத் தொங்கலில் இருக்கிற ஒரு பள்ளிக்கூடம். காலையில் மினிபஸ் வந்து ஏற்றுமாம். போக ஒன்றரை மணித்தியாலம், வர ஒன்றரை மணித்தியாலம். வலிப்பு வருகிற பிள்ளை, பத்துச் சொல்லுக்கு மேல் பேசாத பிள்ளை.

"அக்கா, எனக்கு உதெல்லாம் எழுத வராது. நீங்களே எழுதுங்கோ" என்று தம்பி கடிதத்தை என் கையில் தந்தான்.

எனக்கு மட்டும் வருமா? விமான நிலையக் கடையில் நின்று சென்ட் விற்கிறவள் நான். இருந்தாலும் ஹவுன்ஸ்லோவிலிருந்து வேலைக்குப் போகிற பஸ்ஸில் இருந்து இருந்து நாலு பக்கம் எழுதினேன். தாயில்லாப் பிள்ளை என்று எழுதினேன். தகப்பன் இலங்கைச் சண்டைக்குள்ளால் தப்பி வந்தவன் என்று எழுதினேன். உம்முடைய கடைசி நாட்களையும் எழுதினேன். வாசித்துப் பார்த்து நானே அழுதேன். இதை வாசித்தும் மனம் இரங்காவிட்டால் அவர்கள் மனுசரே இல்லை என்று நினைத்தேன்.

பதில் வந்தது. உம்முடைய மறைவுக்கு அனுதாபம் சொல்லி இரண்டு வரி. பிறகு, முடிவில் மாற்றம் இல்லை.

மேன்முறையீடு செய்யலாம் என்று அடியில் போட்டிருந்தது. இலவசமாக ஆலோசனை சொல்கிற ஓர் இடத்துக்குப் போனேன். ரூத் என்று ஒரு மனுசி, என் வயதிருக்கும், நாலு பக்கத்தையும் ஆறுதலாக, ஒரு அவசரமும் இல்லாமல் வாசித்தா. அவ ஆங்கிலத்தில் சொன்னது எனக்குத் தமிழில்தான் நினைவில் நிற்கிறது.

"உங்களுடைய மச்சாள் எப்படிப்பட்டவ என்று விளங்குது. ஆனால் இதில் அபி எங்கே? அந்த மினிபஸ்ஸில் அவளுக்கு என்ன நடக்கும்?"

"அவளுக்கு ஏலாது."

"ஏலாது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங்கள் எல்லாருக்கும் தெரியும்."

"மேன்முறையீட்டை விசாரித்து முடிவெடுக்கப் போகிற மூன்று பேருக்கும் தெரியாதே" என்றா.

எனக்குச் சரியான கோபம். நேரே உங்கள் வீட்டுக்குப் போய், கோட்டும் கழற்றாமல் தம்பியிடம் கொட்டினேன். அவன் கதிரையை இழுத்துப்போட்டு ஏறி, குசினி அலுமாரிக்கு மேலிருந்து ஒரு பையை இறக்கினான். தமிழ்க்கடையில் வருடம் பிறக்கத் தருகிற கலண்டர்கள், ஆறு வருடத்துக்குரியவை. நீர் போன பிறகு அவன் அதைத் தொடவே இல்லையாம்.

ஒவ்வொரு நாளின் கட்டத்துக்குள்ளும் உம்முடைய சின்ன எழுத்து. "ரெயினில் சனநெருக்கம். வலிப்பு, மூண்டு நிமிசம்." "மருந்து மாத்தினது. நித்திரை இல்லை." "கலியாணத்துக்கு கோச் பஸ்ஸில் போனது. மோட்டர்வேயில் வலிப்பு." மூன்று ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் மேசையில் இருந்து பயணங்களை மட்டும் பொறுக்கி எடுத்தோம். நான் ஆங்கிலத்தில் எழுத, அவன் திகதியைச் சரிபார்ப்பான்.

அப்போதுதான் மற்ற நாட்கள் கண்ணில் பட்டன. வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலுக்கு பஸ்ஸில் போய் வந்தது, ஒரு பிரச்சினையும் இல்லை. கோலியர்ஸ் வுட்டில் உம்முடைய சித்தி வீட்டுக்குப் போனது, சந்தோசம். இப்படி நிறைய.

"இதுகளை விடுங்கோ அக்கா" என்றான் தம்பி. "எங்களுக்கு எதிரா நாங்களே எடுத்துக் குடுக்கிறதோ?"

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. தமிழில் இருக்கிறது, நாங்கள் விட்டால் ஒருவருக்கும் தெரியவராது. நானும் பேனையை மூடிவிட்டேன். ஆனால் நீர் எழுதிய பாதியை நான் எப்படி இல்லையாக்குவது? அதோடு எனக்கே ஒரு குழப்பம். பயணம் கூடாது என்கிறோம். பிறகு ஏன் இத்தனை நாட்கள் நல்லாய்ப் போயின?

நல்ல நாட்களை ஒரு பக்கமும் கெட்ட நாட்களை மற்றப் பக்கமும் வைத்துத் திரும்ப வாசித்தேன். நல்ல நாட்களில் ஒரு வரி அடிக்கடி வந்தது. "பெருவிரலை மடிச்சாள். இறங்கியிட்டம்."

"தம்பி, உது என்ன?"

"வலிப்பு வர முன்னம் வலது கைப் பெருவிரலை உள்ளுக்கு மடிப்பாள். சுமதி கண்டிடுவா. அடுத்த பஸ் தரிப்பிலை இறக்கி, அங்கை இருக்கிற வாங்கிலை இருத்தி முதுகைத் தடவிக்கொண்டிருப்பா. கன தரம் வராமலே போயிடும்."

"இதை நீ ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"ஒருத்தரும் கேக்கேல்லையே அக்கா."

கெட்ட நாட்கள் எல்லாம் இறங்க ஏலாத நாட்கள், மச்சாள். சனத்துக்குள் நின்ற ரெயின், இடையில் நிற்பாட்ட ஏலாத மோட்டர்வேயில் ஓடிய கோச். அதே பிள்ளை, அதே விரல். இறங்க முடிந்ததா இல்லையா என்பதுதான் வித்தியாசம்.

புதுக் கடிதம் இரண்டு பக்கம்தான் வந்தது. அதில் நல்ல நாட்களையும் சேர்த்தோம். மினிபஸ்ஸில் கூடவரும் ஆளுக்கு விரலைப் பார்க்கப் பழக்கலாமே என்று அவர்கள் கேட்கக்கூடும், அதையும் நானே எழுதினேன். பழக்கலாம்தான். ஆனால் மற்றப் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போகிற வாகனத்தை அவர் எங்கே நிற்பாட்டுவார், எவ்வளவு நேரம்? ஆஸ்பத்திரித் தாதியும் பழைய பள்ளிக்கூட ரீச்சரும் தாங்களும் அந்த விரலைக் கண்டிருப்பதாக எழுதித் தந்தார்கள். கலண்டர்ப் பக்கங்களைப் படமெடுத்துப் பின்னால் இணைத்தோம்.

விசாரணை கொம்பியூட்டரில் நடந்தது. உங்கள் மேசையில்தான் இருந்தோம். கவுன்சில் தரப்பில் வந்தவர் எடுத்த எடுப்பிலேயே, பிள்ளை பல நாள் சுகமாய்ப் பயணம் செய்திருக்கிறாளே என்றார். "ஓம், அதை நாங்கள்தான் தந்தனாங்கள்" என்று சொல்லி, நல்ல நாட்களையும் கெட்ட நாட்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். முடிவெடுக்கிற மூன்று பேரில் நடுவில் இருந்த அம்மா கனநேரம் குனிந்து வாசித்துவிட்டு, "தகப்பனும் இதைக் கண்டிருக்கிறாரா?" என்று கேட்டா. நாலு பேர் முன்னால் ஆங்கிலம் பேசாத உம்முடைய மனுசன், தன் கையைத் தூக்கி விரலை மடித்துக் காட்டி, "லைக் திஸ்" என்றான். பிறகு பத்து நிமிடம் அவன்தான் பேசினான். நீர் அதைப் பார்த்திருக்க வேண்டும்.

பக்கத்துப் பள்ளிக்கூடம் கிடைத்தது, மச்சாள். ஆவணியில் சீருடை வாங்கினோம். அபி தகப்பனோடு நடந்து போகிறாள். கேட்டதெல்லாம் கிடைக்கவில்லை. பேச்சுப் பயிற்சியைக் கூட்டச் சொன்னதைத் தரவில்லை. அதற்கு எங்களிடம் ஆசை இருந்தது, காட்ட ஒன்றும் இருக்கவில்லை. இந்த முறை எனக்குக் கோபம் வரவில்லை.

உம்மிடம் கேட்க ஒன்று இருக்கிறது. கடைசி வருடக் கலண்டரை நான் தனியே இருந்து இன்னொரு தரம் பார்த்தேன். நோயைக் கண்டுபிடிக்க முன்னமே கனமாதமாய் உமக்கு நோவு இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார் அல்லவா. அந்த மாதங்களில் அபியின் காய்ச்சல் இருக்கிறது, தம்பியின் ஷிப்ட் இருக்கிறது, என் பிறந்தநாள்கூட இருக்கிறது. உம்மைப் பற்றி ஒரு வரி இல்லை. ஏன் மச்சாள்? எழுதினால் உண்மையாகிவிடும் என்று பயந்தீரோ? எங்களுக்குப் பாரம் என்று நினைத்தீரோ? வாரா வாரம் வந்து உம்முடைய கையால் தேத்தண்ணி குடித்தவள், நானாவது உம்முடைய முகத்தைப் பார்த்துக் கேட்டிருக்க வேண்டும்.

அடுத்த வருடம் அபியின் நிலைமையைத் திரும்பப் பார்ப்பார்கள். புதுக் கலண்டர் குசினியில் மாட்டியிருக்கிறது. நடக்கிறதை நடக்கிறபடி எழுதுவேன். இரங்க வேண்டும் என்பதற்காகக் கூட்டமாட்டேன், பயத்தில் ஒன்றையும் ஒளிக்கமாட்டேன். தம்பிக்கு ஒரு தலையிடி என்றாலும் கேட்டு எழுதுவேன். இது உமக்கு நான் தருகிற சொல்.

உம்முடைய பிள்ளைக்கு மாமியும்
உமக்கு என்றைக்கும் மச்சாளுமான
வசந்தி