ஏப்ரல் மாதத்து டால்பின்

ஏப்ரல் 20

என் குட்டிம்மாவுக்கும் வாண்டுப் பயலுக்கும்,

அப்பா சௌக்கியம். காலையில் மேல்தட்டுக்கு வந்தால், கப்பலோடு போட்டி போட்டுக்கொண்டு டால்பின் கூட்டம்! எங்கள் சமையல்காரர் கரண்டியோடு ஓடிவந்து, "என் சமையலை மோப்பம் பிடிச்சுத்தான் வந்திருக்கு" என்று பீற்றிக்கொண்டார். சண்டையெல்லாம் எங்கோ தூரத்தில். அம்மாவைப் படுத்தாதீர்கள்.

முத்தங்களுடன்,
அப்பா

பிப்ரவரி 11

என்னங்க,

சௌக்கியம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. பிப்ரவரியே முடியவில்லை, உங்கள் ஏப்ரல் கடிதம் என் கையில் இருக்கிறது. வாரம் ஒன்றாகத் தபாலில் போடச் சொல்லி, பத்துக் கடிதங்களைக் கம்பெனி குமாஸ்தாவிடம் கொடுத்துவிட்டுக் கப்பலேறினீர்களாம். அவர் விடுப்பில் போக, புதிதாக வந்தவர் பத்தையும் சேர்த்து அனுப்பிவிட்டார். கேட்டால், "மேஜையைச் சுத்தம் பண்ணினேம்மா" என்கிறார்.

பிரித்தது குட்டிம்மா. "ஏப்ரல் இன்னும் வரவே இல்லையேம்மா, அப்பா எப்படி டால்பினைப் பார்த்தாரு?" என்றாள்.

"அப்பா கப்பல் அவ்வளவு வேகம்!" என்றான் வாண்டு.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. உங்களுக்கு முன்னால் கிளம்பிய கப்பல் சண்டை நடக்கும் கடலில் வெடித்து மூழ்கியதை வானொலியில் கேட்டதிலிருந்து, ஒரு கடிதம் வந்தால் இன்னும் உயிரோடு இருக்கிறீர்கள் என்றுதான் மூச்சு விடுகிறேன். அதையும் பிடுங்கிக்கொண்டீர்களே! நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகும் நான் டால்பின் கதை வாசித்துச் சிரித்துக்கொண்டிருக்க வேண்டுமாக்கும்? படித்தவள், படித்தவள் என்று ஊரெல்லாம் பெருமை பேசத் தெரிந்தது. பயமாக இருக்கிறது என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லை.

இனி உங்கள் கடிதம் எதையும் பிள்ளைகளுக்கு வாசிக்க மாட்டேன்.

உங்கள் மனைவி

மார்ச் 2

கோபக்காரிக்கு,

திட்டியது போதாது, இன்னும் திட்டு. பத்தையும் ஒரே மதியத்தில் எழுதினேன். நான் வேலை செய்யும் எஞ்சின் அறை தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. கப்பல் வெடித்தால் ஏணி ஏற நேரம் கிடைக்காது. இதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. டால்பினை நான் பார்த்ததே இல்லை. நேற்று பயமாக இருந்தது. இன்றும் இருக்கிறது. முடிந்தால் பிள்ளைகளுக்கு இதை வாசி.

உன்னவன்

மார்ச் 14

என்னங்க,

வாசித்தேன். "அப்பா பயந்தாங்கொள்ளியா?" என்று வாண்டு கேட்டான். "கடல்ல விட்டா நீ அழமாட்டியாடா?" என்று அவன் முதுகில் ஒன்று வைத்தாள் குட்டிம்மா. பிறகு இரண்டு பேரும் உங்கள் கடிதத்தை இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார்கள்.

என் கோபம் அப்படியேதான் இருக்கிறது. இரண்டு வரி எழுதினாலும் போதும், எழுதிய அன்றைக்கே தபாலில் போடுங்கள். தபால்காரரை வாசலில் நிற்கவைத்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "சீக்கிரம்மா" என்கிறார்.

உங்கள்
கோபக்காரி