சித்திக்கு தேங்க்ஸ் சொல்லாதே

என் வாலுக்குட்டிக்கு,

மத்தியானம் ரெண்டு பதினேழு. அம்மா போன சேதி அப்பாவுக்கு எத்தனை மணிக்கு வந்துச்சுன்னு சித்திகிட்ட கேட்டியாமே, அதான் முதல்ல எழுதிட்டேன். நீ நல்லா இருக்கியா, ராத்திரி தூங்குறியா, சித்தியும் சித்தப்பாவும் சௌக்கியமா? நானும் சௌக்கியம்னு எழுதணும், எழுதினதா வெச்சுக்கோ.

அப்போ நான் ஒரு ஆபீஸ் கட்டடத்துல லிஃப்ட் கூண்டுக்கு மேல நின்னு கயிறோட இறுக்கம் பாத்துக்கிட்டிருந்தேன். கையெல்லாம் கிரீஸ், முழங்கையால அமுக்கி போனை எடுத்தேன். ஆஸ்பத்திரி நர்ஸம்மா ரொம்பப் பதமாத்தான் சொன்னாங்க. நான் ரொம்ப தேங்க்ஸ்னேன். ஆமாம்மா, அதைத்தான் சொன்னேன். இந்த ஊர்ல பஸ்ஸை விட்டு இறங்கினா டிரைவருக்குத் தேங்க்ஸ், கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னவனுக்குத் தேங்க்ஸ், அபராதச் சீட்டு கிழிச்சுக் கொடுத்தவனுக்கும் தேங்க்ஸ், சொல்லலேன்னா முரடன்னு பாப்பாங்க. வாய் அதுபாட்டுக்குப் பழகிப் போச்சு. அப்புறம் மிச்சமிருந்த போல்ட்டையும் முறுக்கிட்டுத்தான் கீழ இறங்கினேன். ஏன்னு கேக்காதே, தெரியல.

நம்ம பக்கம் வீட்டுக்குள்ள யாரும் அதைச் சொல்றதில்லையே. இங்க வந்த புதுசுல உங்கம்மா தண்ணி கொடுத்தப்போ தெரியாத்தனமா சொல்லிட்டேன். வெடுக்குன்னு டம்ளரைப் பிடுங்கிட்டா. நான் என்ன கவுண்டர்லயா உக்காந்திருக்கேன், அடுத்த ஆளைக் கூப்பிடட்டுமான்னு ரெண்டு நாள் ஓட்டித் தள்ளினா. அதோட அவகிட்ட நான் சொன்னதே கிடையாது. அவ போனதுக்குத்தான், முகம் தெரியாத யாருக்கோ சொல்லியிருக்கேன்.

நேத்து சித்தி போன்ல ஒரே அழுகை. சோறு போட்டா தேங்க்ஸ், தலை வாரிவிட்டா தேங்க்ஸ், மாமா, என் அக்கா பொண்ணு என்னை ஓட்டல்காரியா ஆக்கிட்டாளேன்னா. பெட்டியைக்கூட நீ இன்னும் பிரிக்கலையாம். தப்பு உன்மேல இல்ல. ரெண்டு மாசம்தான், அம்மா உடம்பு தேறி எழுந்ததும் வந்துடலாம்னு சொல்லி அனுப்பினவங்க நாங்க. விருந்தாளியாப் போன பொண்ணு விருந்தாளியாத்தானே இருக்கும்? பெட்டியைப் பிரிச்சுடும்மா. உன்னை இங்க கூட்டிக்க என்னால முடியாது. லிஃப்ட் நின்னுபோச்சுன்னா நேரங்கெட்ட நேரத்துல ஓடணும், நீ சாவியை வெச்சுக்கிட்டுத் தனியா உக்காந்திருப்பே. பக்கத்து வீட்டுக்காரர் தங்கமான மனுஷன், ஆனா இங்க கூப்பிடாம யாரும் யார் வீட்டுக் கதவையும் தட்ட மாட்டாங்க. அங்க வேண்டாம்னாலும் யாராவது உள்ள வந்து சாப்பிட்டியான்னு கேப்பாங்க. எப்போ வருவேன்னு கேட்டியாம். ரெண்டு மாசம்னு ஒரு தடவை கணக்கு சொன்னது போதும், இனிமே சொல்ல மாட்டேன்.

நல்லா இரு கண்ணு, ஒரு குறையும் இல்லாம இரு. குழம்புல உப்பு பத்தலேன்னா பத்தலேன்னு சொல்லு. இன்னும் கொஞ்சம் போடுன்னு தட்டை நீட்டு. கோவம் வந்தா சித்திகிட்ட கத்து, கதவைச் சாத்து, அவ தாங்கிப்பா. தேங்க்ஸ் மட்டும் சொல்லிடாதே.

துக்கம் விசாரிக்க யார் யாரோ கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க. ஒவ்வொருத்தர்கிட்டயும் பேசி முடிக்கும்போது இந்த வாய் அதையேதான் சொல்லுது. அதனால போனை அணைச்சு வெச்சுட்டேன்.

உங்கப்பா