போர்டைக் கழற்றிவிட்டேன்

அன்பு மகள் இசைவாணிக்கு, கிளியனூரிலிருந்து அப்பா எழுதுகிறேன். மாதா புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகம், வண்டியும் இப்போது சுகம். நீ மஸ்கட்டில் நைட் டியூட்டி முடித்துவிட்டு வெறும் வயிற்றோடு படுக்காமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். கண்டமங்கலம் கலைப்பிரியா லீவு முடிந்து வியாழக்கிழமை உன் ஆஸ்பத்திரிக்கே திரும்புகிறாளாம், அவள் கையில் கடலை வறுத்துப் பிடித்த மல்லாட்டை உருண்டையும் இந்தக் கடிதமும் கொடுத்து அனுப்புகிறேன். போனில் சொன்னால் அம்மா பிடுங்கி அவளே எல்லாவற்றையும் சொல்லிவிடுவாள். தப்பு என்னுடையது, நானே சொல்வதுதான் முறை.

புது வண்டி வாங்கித் தர அங்கேயே இன்னும் இரண்டு வருஷம் வேலை பார்க்கக் கையெழுத்துப் போடப்போகிறேன் என்று போன வாரம் சொன்னாயே, அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வண்டி ஐந்து மாசமாகக் கொதித்தது நிஜம். லோடு ஏற்றி பைபாஸில் வேகம் பிடித்தால் போதும், கூட்டேரிப்பட்டு வருவதற்குள் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொடும், ஓரங்கட்டி அரைமணி நேரம் நிற்பேன். முதலில் போர்வெல் தண்ணியை ஊற்றி ஊற்றி ஓட்டினேன். திண்டிவனம் மெக்கானிக் பெரியதம்பி ரேடியேட்டரைப் பார்த்துவிட்டு, "இன்னாண்ணா, உப்புத் தண்ணிய ஊத்தி உள்ள துரு புடிக்க வச்சிக்கினு இருக்கீங்களே" என்று திட்டிக் கழுவி, கூலன்ட் கலந்து ஊற்றினான். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. பிறகு தெர்மோஸ்டாட் மாற்றினான், ஃபேன் சுற்றுகிறதா, பம்ப் ஒழுகுகிறதா என்று பார்த்தான். ஹெட் கேஸ்கெட் போயிருந்தால் ஆயில் பால் டீ மாதிரி ஆகுமாம், புகை வெள்ளையாக வருமாம், அதுவும் இல்லை. டவுனுக்குள் மெதுவாகப் போனால் ஒன்றும் ஆகாது, அதுதான் அவனைக் குழப்பியது. நடுவில் நான் அவசரப்பட்டுச் சூட்டிலேயே ரேடியேட்டர் மூடியைத் திறந்து வலது கையைச் சுட்டுக்கொண்டேன். வீடியோவில் உனக்கு இடது கையால் டாட்டா காட்டியது அதனால்தான். இப்போது ஆறிவிட்டது, திட்டாதே.

போன மாசம் ஆர்டிஓ ஆபீஸில் எஃப்சி காட்டுவதற்காக பெயின்ட் அடிக்க, முன்னால் மாட்டியிருந்த உன் பெயர் போர்டைக் கழற்றி வீட்டில் வைத்தேன். நீ சீனியர் நர்ஸ் ஆன சேதி வந்ததும் கிரில் அகலத்துக்குத் தகரத்தில் எழுதி மாட்டினேனே, அதுதான். எஃப்சி முடிந்த மறுநாள் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு விழுப்புரம் மார்க்கெட் கமிட்டிக்கு மல்லாட்டை மூட்டை கொண்டுபோனோம். முள் பாதியைத் தாண்டவே இல்லை. தெர்மோஸ்டாட் இப்போதுதான் வேலை செய்கிறது போல என்ற சந்தோஷத்தில் அன்று சாயங்காலமே போர்டை மாட்டினேன். அடுத்த லோடுக்கும் அம்மா கூட வந்தாள், அதே கூட்டேரிப்பட்டு, அதே ஆவி. அம்மா இறங்கி வண்டி முன்னால் நின்று பார்த்துவிட்டு, "அன்னிக்கி போர்டு இல்ல, மூச்சு வுட்டுக்கினு போச்சி. மூக்க மூடிட்டு ஓடுன்னா எப்டி ஓடும்" என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது, போயும் போயும் பிள்ளை பேரையா குற்றம் சொல்வது என்று இருந்தது. மறுநாள் அவளுக்குத் தெரியாமல் கழற்றி வைத்துவிட்டு ஓட்டினேன். அந்த வாரம் மூன்று லோடு, ஒருமுறைகூடக் கொதிக்கவில்லை. யோசித்தால் வண்டி கொதிக்க ஆரம்பித்ததும் போர்டு மாட்டிய மாசம்தான். வேகமாகப் போகும்போது ரேடியேட்டருக்கு எதிர்க்காற்றுதான் உயிர், அதை நான் தகரம் வைத்து அடைத்திருக்கிறேன். பெரியதம்பியிடம் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டான், அந்த நாலு போல்ட்டையும் முறுக்கியதே அவன்தான்.

போர்டைப் பின்கதவில் மாட்டிவிட்டேன், பின்னால் வருகிறவர்கள் படிக்கட்டும். இன்ஜின் ஆறிய பிறகுதான் மூடியைத் தொடுகிறேன். இன்னும் ஐந்தாறு வருஷம் ஓடும் என்கிறான் பெரியதம்பி. அதனால் புது வண்டி வேண்டாம்மா. மகள் வாங்கித் தந்த வண்டி என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான், ஆனால் உன்னைப் பார்க்காமல் இன்னும் இரண்டு வருஷம் என்னால் முடியாது. மே மாசம் மீனம்பாக்கத்துக்கு இந்த வண்டியையே எடுத்துக்கொண்டு வருகிறேன், அம்மாவும் வருவாள், நெருக்கி உட்கார்ந்துகொள்ளலாம்.

மாதா உனக்குத் துணையிருப்பாள், எங்கள் ஆசி எப்போதும் உண்டு. நேரத்துக்குச் சாப்பிடு. மாசக் கடைசியில் ஆஸ்பத்திரியில் அந்தக் காகிதத்தை நீட்டினால் கையெழுத்துப் போடாதே. நாலு போல்ட்டுக்காக நீ இரண்டு வருஷம் அங்கே இருக்க வேண்டாம்.

உன் அப்பா,
சவுரிராயன்