எண்பது மூட்டை கருப்பு மண்

மார்ச் 2

என் அக்கா பெற்ற மேதை, அன்புள்ள சுண்டெலிக்கு,

மாமா எழுதிக்கொள்வது. நான் நலம். உன் அத்தை நலம், அவள் வாய் அதைவிட நலம். அங்கே நீயும் உன் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள், "மாமா, அது அப்படி இல்ல" என்று குறுக்கே புகுந்துவிடுகிறாய். கடிதத்தில் நான் முடிக்கும் வரை நீ வாயைத் திறக்க முடியாது. எப்படி என் மூளை?

உங்கள் கழிவுநீர் நிலையத்தில் எங்கள் தொழிற்சாலை மண்ணைப் போட்டு வடிகட்டிப் பார்க்கப் போகிறாய் என்று அக்கா சொன்னாள். அன்றிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மண் என்றால் சாதாரண மண்ணா? சதுப்பு நிலத்தில் பாசியும் புல்லும் விழுந்து, காற்றுப் படாமல் ஐயாயிரம் வருஷம் ஊறிக் கறுத்த பீட். ஒரு நாளைக்கு நூறு லாரி வந்து கொட்டுகிறது. வேர், குச்சி எல்லாம் சலித்து, அரைத்து, கொஞ்சம் களிமண் சேர்த்து, ஓட்டைத் தகடு வழியாக அழுத்தினால் மிளகு அளவில் உருண்டை உருண்டையாக வரும். அடுத்தது உலர்த்தும் உருளை. அது என் ராஜ்ஜியம். வீட்டளவு இரும்பு உருளை, உள்ளே சூடான காற்று, வெளியே நான். எவ்வளவு ஈரம் மிச்சம் என்று காட்ட ஒரு முள்ளும் வைத்திருக்கிறார்கள். எனக்கு எதற்கு அது? ஒரு பிடி அள்ளி மோந்தால் போதும். சூப்பர்வைசரம்மா என்னைக் கேட்காமல் ஒரு பொத்தானைத் தொடுவதில்லை. இங்கே எல்லோரும் என்னை "மேனேஜர்" என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

உன் மூட்டைக்கு நான் பொறுப்பு. நிம்மதியாக இரு.

அன்புடன்,
உன் மாமா


மார்ச் 6

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. உங்கள் கடிதத்தைச் சத்தமாகப் படித்தேன். அம்மா சிரித்துவிட்டு, "எல்லாத்தையும் பத்தால வகுத்துக்க" என்றார். அதனால் நூறு லாரியைப் பத்து லாரி என்று வைத்துக்கொண்டேன். உங்களை மேனேஜர் என்று கூப்பிடுவது கேலிக்குத்தான் என்பதையும் இந்தப் பக்கம் மூட்டை ஏற்றிவரும் லாரி டிரைவர் அண்ணன் சொல்லிவிட்டார். அதை அத்தையிடம் சொல்ல மாட்டேன், பயப்பட வேண்டாம்.

இப்போது வேலை விஷயம். இங்கே நான்கு சாயப்பட்டறை, இரண்டு முலாம் பூசும் பட்டறை. அவற்றின் தண்ணீர் எங்கள் நிலையத்துக்கு வந்து, இங்கிருந்து வாய்க்காலில் போகிறது. சாயம் ஓரளவு போய்விடும், தாமிரம்தான் போக மாட்டேன் என்கிறது. நீங்கள் ஜனவரியில் அனுப்பிய ஒரு கிலோ மண்ணைக் குழாயில் அடைத்துப் பார்த்தேன். தாமிரத்தை அப்படியே பிடித்து வைத்துக்கொண்டது. பெரிய பொறியாளரிடம் மூன்று மாதம் மன்றாடி நான்கு தொட்டிக்கு அனுமதி வாங்கியிருக்கிறேன். தொட்டிக்கு இருபது, மொத்தம் எண்பது மூட்டை. ஏப்ரல் இருபதாம் தேதி ஆய்வாளர் வந்து மாதிரி எடுப்பார். தேறாவிட்டால் தொட்டியையும் பிரித்துவிடுவார்கள், என் தற்காலிக வேலையும் அன்றோடு முடிந்தது.

ஆகவே மாமா, ஜனவரியில் வந்த அதே பக்குவம். கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்.

அன்புள்ள,
சுண்டெலி


மார்ச் 20

வருங்காலத் தலைமைப் பொறியாளர் சுண்டெலிக்கு,

எண்பது மூட்டையும் இந்தக் கடிதமும் ஒரே லாரியில் வருகின்றன. ஏற்றியபோது தொழிற்சாலையே திரண்டு நின்று பார்த்தது. ஒவ்வொரு மூட்டையையும் நானே தட்டிப் பார்த்தேன். மத்தளம் மாதிரி ஒலிக்கிறது!

அதே பக்குவம் என்று எழுதியிருந்தாய். ஊரில் உள்ளவனுக்கெல்லாம் போவதும் என் அக்கா மகளுக்குப் போவதும் ஒன்றாக இருந்தால் நான் எதற்கு மாமா? உன் மூட்டைக்குத் தனிக் கவனிப்பு. என்ன கவனிப்பு என்று கேட்காதே, தொழில் ரகசியம். அள்ளினால் கையில் ஒட்டாது, உதறினால் கலகலவென்று சிரிக்கும். ஆய்வாளர் அந்தத் தண்ணீரைக் கண்ணாடி என்று நினைத்துத் தலை வாரப் போகிறார், பார்.

உன் அத்தை படித்துவிட்டு, "வீட்டுக் குழாயில ஒழுகற தண்ணிய நிறுத்தத் தெரியல, ஊர்த் தண்ணிய சுத்தம் பண்றாராம்" என்கிறாள். பெரிய காரியம் செய்பவர்களுக்கு வீட்டில் மதிப்பு இருக்காது.

அன்புடன்,
உன் மாமா


ஏப்ரல் 3

மாமாவுக்கு,

நலம் விசாரிக்கக்கூட நேரமில்லை. தண்ணீர் வடியவில்லை, மாமா. வடியவில்லை என்றால் அடைத்துக்கொள்ளவில்லை. உருண்டைகள் தண்ணீரையே ஏற்க மறுக்கின்றன. மெழுகுத் துணியில் கொட்டியதுபோலத் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு, தொட்டிச் சுவரோரம் வழி பிடித்து, போன நிறத்திலேயே கீழே வருகிறது. பாதி உருண்டை மேலே மிதக்கிறது. பொறியாளர் வந்து பார்த்துவிட்டு, "இதுக்குத்தான் மூணு மாசம் என் உயிர எடுத்தியாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவர் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

உங்கள் சூப்பர்வைசருக்குப் போன் செய்தேன். என் எண்பது மூட்டைக்கும் பதிவேட்டில் ஈரம் நூற்றுக்கு முப்பத்தைந்து என்று இருக்கிறதாம். அதுதான் சரியான அளவு. அது உண்மையென்றால் கோளாறு என் தொட்டியில். நான்கையும் அடிவரை பிரித்துக் கட்ட வேண்டும், அதற்கு நாள் போதாது. உண்மையில்லை என்றால் கோளாறு மண்ணில், அதைச் சரிசெய்ய வழி தேடலாம். எல்லாவற்றையும் கொட்டி நனைத்துவிட்டோம். இனி அளந்து பார்க்க என்னிடம் உலர்ந்த மண் ஒரு பிடிகூட இல்லை.

மாமா, முள் எத்தனையில் நின்றது?

சுண்டெலி


ஏப்ரல் 6

அன்புள்ள சுண்டெலிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பதறாதே. இருபத்தேழு வருஷத்தில் என் உருளையில் இருந்து போன மண்ணை ஒருவரும் ஒரு குறை சொன்னதில்லை. தண்ணீர் சுவரோரம் போகிறது என்றால் சுவரைக் கட்டியவனைப் பிடி. தொட்டி கொஞ்சம் சாய்ந்திருக்கும். அல்லது உங்கள் சாயப்பட்டறைக்காரர்கள் எண்ணெய் எதையாவது கலந்திருப்பார்கள். ஒருமுறை இப்படித்தான் ஒரு பெரிய நிறுவனத்தில் இருந்து ஐம்பது பொறியாளர்கள் வந்து தலையைப் பிய்த்துக்கொண்டு நின்றார்கள். நான் குழாயை ஒரு தட்டுத் தட்டினேன், சரியாகிவிட்டது.

முள்ளைப் பற்றிக் கேட்டிருந்தாய். பதிவேட்டில் இருப்பதுதான். பதிவேடு பொய் சொல்லுமா?

அக்காவிடம் இதையெல்லாம் சொல்லிக் கவலைப்படுத்தாதே.

உன் மாமா


ஏப்ரல் 9

மாமா,

பதிவேடு பொய் சொல்லாது. அதை எழுதுகிறவர் சொல்லலாம்.

நாளை மறுநாள் முதல் தொட்டியை உடைக்க ஆள் வருகிறது. அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவர் உங்களைத் திட்டவில்லை. "அவன் சின்ன வயசுல இருந்தே அப்படித்தான், ஆனா நீ அழுதா அவனுக்குத் தாங்காது" என்று மட்டும் சொன்னார்.

நான் அழவில்லை. இனி உங்களிடம் எதையும் கேட்கப் போவதில்லை, அவ்வளவுதான்.


ஏப்ரல் 10

சுண்டெலிக்கு,

டிரைவரிடம் இதைக் கொடுத்து, "வண்டியை எங்கேயும் நிறுத்தாதே, அவள் கையில் கொடு" என்று சொல்லி அனுப்புகிறேன். போனில் சொல்ல எடுத்தேன். உன் குரலைக் கேட்டால் மறுபடியும் ஏதாவது அளந்துவிடுவேன் என்று பயந்து வைத்துவிட்டேன். தொட்டியை உடைக்காதே. இந்தக் கடிதத்தில் எதையும் வகுக்காதே.

முள் பதினொன்றில் நின்றது.

முப்பத்தைந்தில் நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தெரியும். உன் மூட்டை என்பதால் நிறுத்தவில்லை. வீட்டுக்கு வந்தவருக்கு ஈரத் துண்டைக் கொடுப்போமா, அப்படித்தான் நினைத்தேன். காயக் காய நல்ல சரக்கு என்று மேலும் மூன்று சுற்று விட்டேன். பதிவேட்டில் முப்பத்தைந்து என்று எழுதினது நான்தான். பதினொன்று என்று எழுதினால் சூப்பர்வைசரம்மா மூட்டையைத் திருப்பிவிடுவார், உனக்குப் போக வேண்டிய லாரி தவறிவிடும் என்று எழுதினேன். நீ கேட்டபோது சொல்லியிருக்கலாம். உன் முன்னால் சிறுத்துப்போக மனம் வரவில்லை.

இன்று காலை அந்தம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவர் என்னைச் சுவரோரம் கூட்டிப்போனார்.

"இங்க என்ன எழுதி ஒட்டியிருக்கு?"

"ஈரம் முப்பத்தஞ்சுல நிறுத்தணும்னு."

"அடுத்த வரி?"

அடுத்த வரியை நான் இன்றுதான் படித்தேன். அளவுக்கு மீறிக் காய்ந்த பீட் தண்ணீரை ஏற்காது என்று எழுதியிருக்கிறது. ஐந்து வருஷமாக அந்தப் பலகைக்குக் கீழேதான் சட்டையை மாட்டுகிறேன். நீளமாக எழுதினால் நான் முதல் வரியோடு நிறுத்திவிடுவேன், உனக்குத்தான் தெரியுமே.

உன் தொட்டியில் ஒரு கோளாறும் இல்லை. மண்ணுக்கு வழி இருக்கிறது. உன் மூட்டையில் மிஞ்சிய அரைச் சாக்கை வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தேன். உன் கடிதம் வந்த அன்றே அதை உன் அத்தையின் துணி வாளியில் போட்டுப் பார்த்தேன். மொத்தமாக ஊற்றினால் மிதக்கிறது. மெல்லிசாகப் பரப்பி, வெதுவெதுப்பான தண்ணீரைத் தூறல்போலத் தெளித்து, ஈரச் சாக்கால் மூடி, மூன்று வேளை கிளறிக்கொடுத்தால் இரண்டாம் நாள் குடிக்க ஆரம்பிக்கிறது. மூன்றாம் நாள் வாளியில் போட்டேன், அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. அந்தம்மாவும் இதுதான் முறை என்கிறார், சோப்பு மட்டும் சேர்க்கக் கூடாதாம்.

எண்பது மூட்டையைக் கிளற உனக்கு ஆள் வேண்டும். ஒரு வாரம் விடுப்புக் கேட்டேன். "உங்கள வேலைய விட்டு அனுப்பறதா வேணாமான்னு நீங்க திரும்பி வந்ததும் பேசிக்கலாம், முதல்ல போய்க் கிளறுங்க" என்றார். நாளைச் சாயங்காலம் அங்கே இருப்பேன். நீ பேசாவிட்டாலும் பரவாயில்லை, மண்வெட்டி மட்டும் எடுத்து வை.

மாமா


ஏப்ரல் 21

அன்புள்ள மாமாவுக்கு,

தேறிவிட்டோம்!

முதலில் இதை எழுதாமல் கை நகரவில்லை. நேற்று ஆய்வாளர் நான்கு தொட்டியிலும் மாதிரி எடுத்தார். இங்கேயே அளந்தார். தாமிரம் அனுமதித்த அளவில் பாதிகூட இல்லை. நம்பாமல் இன்னொரு தடவை அளந்தார், அதே எண். பொறியாளர் என்னைப் பார்த்து, "அந்த மேனேஜர் எங்கம்மா, போயிட்டாரா?" என்றார். நீங்கள் போய் இரண்டு நாளாகிறது என்றதும் அவருக்கு வருத்தம். அந்த ஆறு நாளும் நீங்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு கதையும் சொல்லாமல் கிளறிக்கொண்டே இருந்தீர்களே, அதைப் பார்த்துத்தான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. மாமாவுக்கு உடம்புக்கு ஏதோ என்று அம்மாவுக்குப் போன் செய்தேன்.

என் வேலையை நீட்டித்துவிட்டார்கள். நேற்று சாயங்காலம் வாய்க்கால் கரையில் சும்மா உட்கார்ந்திருந்தேன். நெஞ்சில் இருந்து எண்பது மூட்டையும் இறங்கியதுபோல இருந்தது.

மாமா, அந்தக் கடைசிச் சீட்டைக் கோபத்தில் எழுதினேன். அதைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். ஏப்ரல் பத்தாம் தேதிக் கடிதத்தை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

சூப்பர்வைசர் என்ன சொன்னார்? அதை நினைத்தால்தான் தூக்கம் வரவில்லை. சீக்கிரம் எழுதுங்கள். நீளமாகவே எழுதுங்கள்.

உங்கள் அன்புள்ள,
சுண்டெலி


ஏப்ரல் 25

ஊர்த் தண்ணீரைக் காத்த வீராங்கனை சுண்டெலிக்கு,

உன் கடிதத்தைச் சாப்பாட்டு இடைவேளையில் மேசை மேல் ஏறி நின்று வாசித்தேன். நானூறு பேர் கைதட்டினார்கள். கூரைத் தகடு அதிர்ந்து இரண்டு புறா பறந்துவிட்டது.

என் விஷயம் கேட்டிருந்தாய். எனக்குப் பதவி உயர்வு! உருளையில் இருந்து மூட்டை தைக்கும் பிரிவுக்கு மாற்றியிருக்கிறார்கள், ஆறு மாதத்துக்கு. இனி என் கை படாமல் ஒரு மூட்டை இந்தத் தொழிற்சாலையை விட்டு வெளியே போக முடியாது, யோசித்துப் பார். உருளையில் இப்போது நிற்பவர் முள்ளைப் பார்த்து எண்ணைச் சத்தமாகச் சொல்ல வேண்டும், நான் அதை மூட்டையின் சீட்டில் எழுத வேண்டும். சூப்பர்வைசரம்மா பின்னால் வந்து நின்று ஒவ்வொரு சீட்டையும் சரிபார்க்கிறார். என் கையெழுத்தின் அழகை ரசிக்கத்தான் வருகிறார் என்று நினைக்கிறேன்.

உன் அத்தை தன் வாளியைத் திரும்பக் கேட்கிறாள். அதை அருங்காட்சியகத்தில் வைக்கப் போகிறார்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

நீ கோபத்தில் எழுதிய சீட்டைக் கிழிக்கச் சொன்னாய். கிழிக்க மாட்டேன். சட்டை மாட்டும் இடத்தில், பலகையின் இரண்டாம் வரிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்.

அடுத்த இருபது மூட்டை இந்த லாரியில் வருகிறது. தொட்டிக்குப் போடும் முன் ஒவ்வொன்றிலும் சீட்டைப் பார். பதினேழு மூட்டை முப்பத்தைந்து, இரண்டு முப்பத்தாறு, ஒன்று முப்பத்து மூன்று.

அக்காவின் முழங்காலைக் கேட்டதாகச் சொல்.

என்றும் உன்,
மாமா

பின்குறிப்பு: மூட்டைச் சீட்டில் இருப்பதை வகுக்காதே. கைதட்டியவர்களை மட்டும் வகுத்துக்கொள். பத்து போதாது, நூறால் வகு. நாலு பேர்தான். அதிலும் ஒருவர் கையில் இருந்த தூசியைத் தட்டினார்.