பிரான்சிஸ்கா அக்கா கொடி வெட்ட வராத நாட்கள்

2023 ஜனவரி 14, சனி

என் சினை முயல் வெள்ளைச்சி வைக்கோலை வாயில் கவ்விக்கொண்டு கூட்டுக்குள் திரிகிறாள். இன்னும் சில நாட்களில் குட்டி போட்டுவிடுவாள். பக்கத்து வீட்டு வளவுப் பிரான்சிஸ்கா அக்கா வழக்கம்போலத் தன் முயல்களுக்கு எங்கள் வற்றாளைக் கிழங்குக் கொடி வெட்ட வந்தவர், "மாமியார் மாதிரிப் பக்கத்திலேயே நிக்கிறாய் பிள்ளை" என்று சிரித்தார். அவரிடம் இருக்கும் சோடி வெள்ளைச்சியின் போன ஈற்றுக் குட்டிகள். நத்தாருக்கு, கிறிஸ்மஸ் பரிசாக, நான் கொடுத்தது.

என் வீட்டுக்காரர் மத்தியானம் ஒரு காட்டு முயலோடு வந்தார். தோட்டத்தின் தெற்குக் கரையில் கொடிக்குள் படுத்துக் கிடந்ததாம். ஓடவில்லையாம், கையாலேயே பிடித்தாராம். "என்ட கை வேகம் எப்பிடி?" என்று ஒரே பெருமை. வாசல் படலை திறக்கவே மூச்சு வாங்குகிற மனிதர்! பிஸ்மில்லாஹ் சொல்லி அறுத்து, கூட்டுக்குப் பக்கத்துக் குழாயடியில் உரித்துக் கழுவினார். கறி நல்ல ருசி. பொய் சொல்லக்கூடாது.

ஜனவரி 17, செவ்வாய்

கறுப்புக் கடுவன் முயல் செத்துக் கிடந்தது. மூக்கில் இரத்தம். கீரி என்று நினைத்தேன், ஒரு காயமும் இல்லை. நேற்று இரவு நன்றாகத் தின்றதே? பின்னேரம் அஸர் தொழுகைக்குள் இன்னொன்று.

ஜனவரி 18, புதன்

மிருக வைத்தியர் மஸாஹிர் வந்து போனார். செத்ததன் ஈரலை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். முயல்களுக்கு வருகிற வைரஸ் ஒன்றாக இருக்கலாமாம். மனிதருக்கு ஒட்டாதாம். மருந்து இல்லை. ஒரு முயலும் இந்த வளவை விட்டு வெளியே போகக்கூடாது, முயல் வளர்ப்பவர்கள் இங்கே காலும் வைக்கக்கூடாது என்றார்.

காட்டு முயல் ஏதும் வந்ததா என்று கேட்டார். இவர் என் முகத்தைப் பார்த்தார். நானே சொன்னேன். "அறுத்துத்தானே தின்ட, ஹலால்தானே?" என்று இவர் கேட்டார்.

"ஹலால்தான். அது நோய்க்குத் தெரியாதே" என்றார் மஸாஹிர்.

இவர் அதற்குப் பிறகு ராச்சோறும் தின்னவில்லை. ஏசலாம் என்றுதான் இருந்தேன். முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டேன்.

ஜனவரி 19, வியாழன்

எனக்கு இன்று என்ன பேய் பிடித்தது?

பிரான்சிஸ்கா அக்கா யாரிடமோ கேள்விப்பட்டு, பனங்கூடையும் கையுமாகப் படலைக்குள் வந்துவிட்டார். "வெள்ளைச்சியை என்னட்டத் தா. என்ர கூட்டில ஒரு நோய் வருத்தமும் இல்ல. குட்டி போட்டாப்பிறகு தாறன்" என்றார். எவ்வளவு நல்ல மனம்! நானோ அப்போதுதான் இன்னொன்றைக் குழிக்குள் போட்டுவிட்டு நிற்கிறேன். "வராதீங்க! உள்ள வராதீங்க! உங்கட வளவுக்குக் குடுக்கேலாது!" என்று கத்திவிட்டேன். கத்தின கத்தலில் அவர் அப்படியே நின்றார்.

பிறகு திரும்பித் தன் வளவின் பன்றிக்கூட்டைப் பார்த்தார். "விளங்குது நிஸ்மியா. பண்டி நிக்கிற வளவு. நான் யோசிக்கேல்ல" என்றார்.

இல்லையக்கா என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் போய்விட்டார்.

ஜனவரி 21, சனி

வெள்ளைச்சி போய்விட்டாள். குட்டிகள் வயிற்றுக்குள்ளேயே. ஒரு முயலுக்காக இப்படி அழலாமா என்று தெரியவில்லை, அழுதேன். கூடு முழுவதும் வெறுமை.

ஜனவரி 27, வெள்ளி

வேலியடியில் நின்று சொல்லிவிட்டேன். "அக்கா, பண்டிக்காக இல்ல. நோய் உங்கட முயலுக்கும் வந்திரும் எண்டுதான்."

"சரி பிள்ளை, சரி" என்றார். சண்டை பிடித்திருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். எத்தனை நத்தாருக்கு எங்களுக்கென்று தனிச்சட்டி வாங்கி வைத்துச் சமைத்தவர்! அந்தச் சட்டியைப் பற்றி இப்போது என்ன நினைக்கிறாரோ.

பெப்ரவரி 5, ஞாயிறு

வேலியோரம், பிரான்சிஸ்கா அக்கா கொடி வெட்டுகிற அதே இடத்தில், ஒரு காட்டு முயல் செத்துக் கிடந்தது. மூக்கில் அதே இரத்தம். ஆழமாகப் புதைத்தோம். மஸாஹிருக்குப் போன் எடுத்தேன். அந்தக் கொடியை எந்த முயலுக்கும் போடக்கூடாதாம்.

அன்றைக்குப் பிறகு அக்கா கொடி வெட்ட வரவேயில்லை. அது இப்போதுதான் உறைத்தது. அந்தக் கோபம் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால்—

கொடி எடுக்க வேண்டாம் என்று இவரிடம் சொல்லி அனுப்பினேன். இவருக்கு விளக்கிச் சொல்லத் தெரிந்தால்தானே. திரும்பி வந்து தலையைச் சொறிகிறார். "கொடியையும் மறிச்சாச்சோ" என்று அக்கா கேட்டாராம்.

ஏப்ரல் 22, சனி. பெருநாள்

பிரியாணித் தட்டு அனுப்பினேன். வாங்கினார். தட்டு கழுவித் துடைத்து வந்தது. வெறும் தட்டு. ஒவ்வொரு வருடமும் அதில் கொஞ்சம் சீனியாவது இருக்கும்.

ஓகஸ்ட் 11, வெள்ளி

மஸாஹிர் வந்தார். ஆய்வுக்கு அனுப்பிய ஈரல் வழியிலேயே பழுதாகிவிட்டதாம், நோயின் பெயர் உறுதியில்லை. கூட்டைப் பார்த்தார். பலகையெல்லாம் எரித்துப் புதிதாக அடித்திருக்கிறோம், படலையடியில் கால் கழுவ மருந்துத் தண்ணீர்த் தொட்டி, கொடிப்பாத்தியைச் சுற்றிக் கம்பிவலை. திரும்பவும் வளர்க்கலாம், வலைக்குள் புதிதாக நட்ட கொடியையும் போடலாம் என்றார். எனக்கு ஆசை வரவில்லை.

பிறகு பிரான்சிஸ்கா அக்காவின் பன்றிக்கு ஊசி போடப் போனார். நெடுநேரம் அங்கே கதைத்துக்கொண்டு நின்றார். அக்கா ஒருமுறை எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

ஓகஸ்ட் 20, ஞாயிறு

தேவாலயப் பூசை முடிந்து பிரான்சிஸ்கா அக்கா வந்தார். கையில் புதுக் காட்போட் பெட்டி. அவராகவே செருப்பைக் கழற்றி, தொட்டிக்குள் இரண்டு காலையும் வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

பெட்டிக்குள் வெள்ளைக்குட்டி இரண்டு. வெள்ளைச்சியின் அதே காது.

"உன்னோட கோவிச்சுக்கொண்டு கொடி எடுக்கேல்ல. அதாலதான் என்ர முயலுகள் தப்பினதாம். டொக்டர் சொன்னார்" என்றார். "அண்டைக்கு நீ தந்திருந்தாலும் எல்லாம் செத்திருக்குமாம்."

"பண்டிக்காக இல்ல எண்டு சொன்னேனே அக்கா."

"சொன்னாய். நான்தான் காதில விழுத்தேல்ல."

பெட்டியின் மூலையில் ஒரு சீனிப் பொட்டலம். எதற்கு என்று கேட்டேன். "பெருநாள் தட்டு வெறுமனேதானே வந்தது" என்றார், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

பின்னேரம் கொடிப்பாத்தி வலைக்குள்ளிருந்து கத்தி வெட்டும் சத்தம். எட்டிப் பார்த்தேன். பிரான்சிஸ்கா அக்கா கொடி வெட்டிக்கொண்டு நின்றார்.