அப்பா ஏன் போனுக்கு வரவில்லை

சன்னிசைட், குயின்ஸ்
ஞாயிற்றுக்கிழமை, மே 1962

என் அருமை வின்னி,

இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தை ரீஸும் சளி இருமல் எதுவும் அண்டாமல் இருக்கிறீர்கள் என்று மனதில் வைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். ஃபேர்பேங்ஸில் பனி உருகி ஒரே சேறு என்றும், அந்தச் சேற்றில்தான் மாப்பிள்ளை வெர்னன் விமானத்தை இறக்குகிறார் என்றும் எழுதியிருந்தாய், படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஸ்க்ராண்டனிலிருந்து கிளாடிஸ் அத்தை எழுதியிருக்கிறாள், இடுப்பு வலி தேவலையாம், கோயிலுக்கு நடந்தே போய் வருகிறாளாம். அப்பாவைப் போன வாரம் தொலைக்காட்சியில் மறுபடியும் கொன்றார்கள், அவர் நடித்த பழைய படம்தான், குதிரையிலிருந்து விழுந்து சாவாரே அது. மறுநாள் மளிகைக் கடையில் ஓர் அம்மாள் அவரை வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "நீங்க எங்க அண்ணி கல்யாணத்துக்கு வந்தவர்தானே? கேக்கை ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டீங்களே?" என்று கேட்டாள். அப்பாவும் விடாமல், "ஆமாம்மா, ருசியான கேக்கு, அதான் கூச்சப்படலே" என்று சொல்லிவிட்டு வந்தார்.

இருக்கட்டும். போன கடிதத்தின் கடைசியில் நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். அப்பாவுக்கு உன் மேல் இன்னும் கோபமா, அவ்வளவு தூரத்தில் போய் வாழ்க்கைப்பட்டதை மன்னிக்கவில்லையா என்று கேட்டிருந்தாய். எப்போது போன் பண்ணினாலும் இரண்டு வார்த்தை பேசிவிட்டு என்னிடம் கொடுத்துவிடுகிறார் என்றும், குழந்தை பிறந்த செய்தியைச் சொல்ல ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்ட அன்று, "அப்பா, பையன் பொறந்திருக்கான்" என்று நீ சொன்னதற்கு, "ஆமாம்மா, இங்கயும் குளிர்தான்" என்று பதில் சொன்னார் என்றும், அன்று முழுக்க நீ அழுதாய் என்றும் எழுதியிருந்தாய். வின்னி கண்ணு, அப்பாவுக்குக் கோபம் இல்லை. அப்பாவுக்குக் காது கேட்கவில்லை. அதுதான் விஷயம். யாரிடமும் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார், உன்னிடம்கூட. இப்போது அவரே எழுதச் சொல்லிவிட்டார், அதனால் எழுதுகிறேன்.

நீ சின்னப் பெண்ணாக இருந்தபோது கலிபோர்னியாவில் இருந்தோமே, அந்த எட்டு வருஷமும் அவருக்குக் கௌபாய் படங்கள்தான். நீதிபதி, தந்தி ஆபீஸ் குமாஸ்தா, பாங்கியில் துப்பாக்கிக்கு முதலில் பலியாகிற கணக்கர், எல்லாம் பார்த்துவிட்டார். வெற்றுத் தோட்டாவானாலும் காதுக்குப் பக்கத்தில் வெடித்தால் வெடித்ததுதானே? தினமும் சாயங்காலம் காதுக்குள் மணி அடிக்கிறது என்பார், காலையில் சரியாகிவிடும் என்பார். அப்புறம் ஒரு காலையில் சரியாகவில்லை. நியூயார்க்குக்குத் திரும்பி வந்து நாடகம் நாடகமாக நடித்துக்கொண்டிருந்தபோது கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு காதும் மங்கிக்கொண்டே போனது. கதாநாயகனுக்குக் காது மந்தமென்றால் காத்திருப்பார்கள், குணச்சித்திர நடிகனுக்கு யார் காத்திருப்பார்கள் என்பார் அப்பா. படம் முடிந்து அவர் பெயர் திரையில் வரும்போது ஜனங்கள் எழுந்து கோட்டு மாட்டிக்கொண்டிருப்பார்கள், அது அவருக்கு ஒருநாளும் வருத்தமாக இருந்ததில்லை. வேலை போய்விடும் என்பது ஒன்றுதான் பயம். அதனால் தன் வசனத்தை மட்டுமல்ல, நாடகத்தில் இருக்கிற எல்லோருடைய வசனத்தையும் மனப்பாடம் செய்துவிடுவார். எதிரில் இருப்பவர் உதடு நின்றதும் இவர் ஆரம்பிப்பார். இப்படியே ஓட்டினார், ஒருவருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு.

இந்த வருஷம் கிடைத்த நாடகத்தில் ஒஹாயோவில் இரும்புக்கடை வைத்திருக்கும் ஒரு குடும்பம், அப்பாவுக்கு அந்த வீட்டு மாமா வேஷம். இரண்டாவது அங்கம் முழுக்கச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எல்லோருக்கும் சுருக் சுருக்கென்று பதில் சொல்லவேண்டும். கதாநாயகி கான்ஸ்டன்ஸ் மேபரி. அந்த அம்மாளைப் பற்றி நாடகக்காரர்கள் சொல்வதைக் கேட்டால் உனக்குக் குலை நடுங்கும், மேடையில் தும்மிய ஒருவனுக்கு மறுநாள் வேலை இல்லையாம். ஒத்திகை ஆரம்பித்ததும் அப்பா வீட்டுக்கு வந்து புலம்பாத நாள் இல்லை. "ஹேசல், அந்தம்மாவுக்கு என் மூஞ்சியே பிடிக்கலே. என் நாற்காலியை நகர்த்திக்கிட்டே இருக்காங்க. நேத்து ஜன்னல் பக்கம் இருந்தேன், இன்னிக்கு அவங்களுக்கு நேர் எதிர. மத்தவங்களையும் இப்படித் திரும்பு அப்படித் திரும்புன்னு ஒரே அதட்டல். டைரக்டர்கிட்ட மூணு நாளாச் சண்டை. முடிவுல என்னைத்தான் தூக்கப்போறாங்க பாரு." நானும் அதையே நம்பினேன், அந்த அம்மாளை மனதுக்குள் திட்டிக்கொண்டும் இருந்தேன்.

நாடகம் அரங்கேறி நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. போன புதன்கிழமை பகல் ஆட்டத்துக்கு நானும் போயிருந்தேன், மாடியில் ஓரத்து இருக்கை. இரண்டாவது அங்கம் பாதியில் வெளியே இடி மின்னலோடு பேய்மழை, கூரைமேல் கல் கொட்டுகிற மாதிரி சத்தம். திடீரென்று எல்லா விளக்கும் அணைந்தது. வாசல் கதவுகளுக்கு மேல் இருக்கும் சின்னச் சிவப்பு விளக்குகளைத் தவிர எங்கும் ஒரே கும்மிருட்டு. கூட்டம் சலசலத்தது. அப்போது மேடையிலிருந்து கான்ஸ்டன்ஸின் குரல், ஒரு படபடப்பும் இல்லாமல், "யாரும் எழுந்திருக்காதீங்க, சூப்பு மேல கொட்டிக்காதீங்க. நம்ம ஊர்ல மழைன்னா இதுதான், தெரியாதா?" என்றது. நாடகத்தில் அப்படி வசனமே கிடையாது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது, அதே வேகத்தில் அவர் அடுத்த வசனத்தைப் பேச ஆரம்பித்துவிட்டார், நாடகம் இருட்டிலேயே ஓடியது. மற்றவர்கள் கைதட்டுகிறார்கள், எனக்கு மட்டும் கைதட்டத் தோன்றவில்லை. இருட்டில் அப்பா யார் உதட்டைப் பார்ப்பார்? அப்பாவைக் கேட்கிற கேள்வி வந்தது. அவர் பதில் சொல்லவேண்டிய இடம். மழைச் சத்தம்தான் கேட்டது. நான் முன்னிருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டு, ஆண்டவரே, இங்கே இந்த இருட்டில் வேண்டாம், இத்தனை பேர் முன்னால் வேண்டாம் என்று வேண்டினேன். அப்போது அப்பாவின் குரல் கேட்டது, நிதானமாக, சரியான வசனம். அடுத்ததும் சரி. அதற்கடுத்ததும். ஓரிடத்தில்கூடத் தவறவில்லை. விளக்கு வந்தபோது பார்த்தேன், கான்ஸ்டன்ஸ் தன் நாற்காலியில் இல்லை. இருட்டில் மேஜையைத் தடவித் தடவிச் சுற்றி வந்து அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அவர் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். ஒவ்வொரு வசனம் முடிந்ததும் ஓர் அழுத்து அழுத்தியிருக்கிறார். வேறொருவர் பேசினால் அவர் முடித்ததும் ஓர் அழுத்து. அப்பாவுக்குத்தான் நாடகம் முழுக்க மனப்பாடமாயிற்றே, அது போதுமாக இருந்தது.

ஆட்டம் முடிந்ததும் ஒப்பனை அறைக்கு ஓடினேன். அப்பா பாதி முகத்துச் சாயத்தைத் துடைத்தும் துடைக்காமலும் உட்கார்ந்திருந்தார். "இன்னிக்கே டைரக்டர்கிட்ட சொல்லிட்டு விலகிக்கறேன் ஹேசல், போதும்" என்றார். அந்தச் சமயம் கதவைத் தட்டாமலே கான்ஸ்டன்ஸ் உள்ளே வந்தார். வந்தவர் அப்பாவின் முகத்துக்கு நேர் எதிரே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எம்லின், அந்த நாற்காலியை எதுக்கு நகர்த்தினேன்னு நினைச்சீங்க? அழகுக்கா?" என்றார். அவரே தொடர்ந்தார். "எங்கப்பா தறி ஆலையில காதைத் தொலைச்சவர். நான் பேச ஆரம்பிச்ச நாள்லேருந்து அவர் என் உதட்டைப் பாத்துத்தான் என்னை வளர்த்தாரு. முதல் நாள் ஒத்திகையில நீங்க என் கண்ணைப் பாக்கலே, உதட்டைப் பாத்தீங்க. எனக்குத் தெரியாமப் போகுமா?" அப்பா மெல்ல, "அப்ப ஏம்மா ஒரு வார்த்தை சொல்லலே?" என்று கேட்டார். "நீங்க சொல்லலையே, நான் எப்படிச் சொல்றது?" என்றார் அவர். அவ்வளவுதான் வின்னி, அப்பா அழுதுவிட்டார். அவரோடு குடித்தனம் நடத்திய இத்தனை காலத்தில் நடிப்புக்கு அல்லாமல் அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன்.

மறுநாள் அப்பா டைரக்டர் சால் ரெஸ்னிக்கிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார். அவர் கொஞ்சம் கோபித்துத்தான் கொண்டாராம், "மழை வர்றதுக்கு முன்னாடி சொல்லியிருக்கணும்யா, வந்த பிறகா சொல்றது?" என்றாராம். வசனம் தவற ஆரம்பித்தால் வேறு ஆளைப் போடத்தான் வேண்டியிருக்கும் என்பதையும் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார், அது நியாயம்தான். அப்புறம், "மூக்குக் கண்ணாடிக் காம்புக்குள்ளயே காது மிஷின் வருதாமே, போய் வாங்கி மாட்டு. அந்த மாமாவுக்குக் கண்ணாடி எடுப்பாத்தான் இருக்கும்" என்று அனுப்பிவிட்டார். ஆக வேலை போகவில்லை. அப்பா வெள்ளிக்கிழமையே கடைக்குப் போய் மாட்டிக்கொண்டு வந்துவிட்டார், அன்று மேடைக்கும் அதோடுதான் போனார். மாப்பிள்ளையிடமும் சொல், விமானச் சத்தம் லேசு இல்லை, பஞ்சாவது காதில் அடைத்துக்கொள்ளட்டும். பெரியவர்கள் பட்டதைப் பார்த்தாவது திருந்தவேண்டும்.

அந்த நல்ல மனுஷிக்காக நேற்று ஒரு ஆப்பிள் பை செய்து கொடுத்தனுப்பினேன், நீயும் அவருக்காக ஒரு பிரார்த்தனை செய். உன் அப்பாவைக் கண்டதும் நீ கட்டிக்கொள், ஆனால் கத்திப் பேசாதே, கத்தினால் மிஷின் கீச்சிடுகிறது, அவருக்குத் தலை வலிக்கிறது. நாடகம் முடிந்ததும் செப்டம்பரில் இரண்டு பேரும் அங்கே வருகிறோம், இது அவரே சொன்னது. பேரனுக்குக் குதிரையிலிருந்து விழுந்து காட்டப்போகிறாராம். இந்த வயதில் விழுந்து எழ முடியுமா என்று நீ கேள், நான் கேட்டால் முறைக்கிறார்.

இன்னும் ஒன்று சொல்லிவிட்டு முடிக்கிறேன். இன்று காலை நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன், அப்பா புதுக் கண்ணாடியோடு சமையலறை வாசலில் வந்து நின்றார். வெகுநேரம் நின்றிருக்கிறார், நான் கவனிக்கவில்லை. திரும்பிப் பார்த்ததும், "ஹேசல், நீ மறுபடியும் பாட ஆரம்பிச்சது எப்போ?" என்று கேட்டார். "நான் நிறுத்தவே இல்லையே" என்றேன்.

ஆண்டவர் உங்கள் மூவரையும் எந்தக் குறையும் இல்லாமல் காப்பாராக. ரீஸுக்கு இந்தப் பாட்டியின் ஆயிரம் முத்தம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மறக்காமல் போன் பண்ணு, நான் எடுக்கமாட்டேன், அப்பாதான் எடுப்பார்.

என்றும் உன் நினைவாக,
உன் அம்மா
ஹேசல் ப்ரோசர்