உப்பு மறந்த மதியம்

என் கோபக்காரிக்கு,

வெயிலில் அடுப்புப் பக்கம் நிற்க முடியவில்லை. உன்னைப் போலவே தக்காளியைப் பச்சையாக நறுக்கி, பூண்டு தட்டிப் போட்டு, எண்ணெய் ஊற்றி ஜன்னலோரம் மூடிவைத்தேன். பிறகு சூடான பாஸ்தாவை அதில் கொட்டிக் கிளறினேன்.

வழக்கம்போல உப்பு போட மறந்துவிட்டேன். ஆனால் வாயில் வைத்தால் உப்பு கச்சிதமாக இருந்தது. அப்போதுதான் கவனித்தேன்: மூடியின்மேல் உன் கரண்டி கவிழ்ந்து கிடந்தது, ருசி பார்த்தபின் நீ வைப்பதுபோலவே.

உன் தங்கையிடம் சொன்னேன். சிரித்தாள். "அக்காதான் போயிட்டாளே மாமா! நீங்களே போட்டுட்டு மறந்திருப்பீங்க. நாளைக்கு நானும் சாப்பிட வர்றேன்."

கண்மூடும்வரை நீ அவளோடு பேசவில்லை.

நாளை மறக்காமல் நானே உப்பு போட்டுவிடுகிறேன். அவள் தட்டில் மட்டும் கைவைக்காதே.

உன் வீட்டுக்காரன்